காசு கொடுத்து வாங்கிய வரைபடமும் காசில்லாமல் பார்த்த வரைபடமும்

14,500 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. எங்கள் தோட்டம் 30 வருடத்தில் எப்படி மாறியது என்று செயற்கைக்கோள் படத்தை வைத்துச் சொல்லும் அறிக்கைக்குக் கொடுத்த காசு. அதற்குக் கிடைத்தது 26 பக்க பி.டி.எஃப். ஒன்று, வழுவழுப்பான தாளில் அச்சடித்த வரைபடம் ஒன்று, அதைச் சுருட்டி வைக்க பிளாஸ்டிக் குழாய் ஒன்று. குழாய் நன்றாக இருக்கிறது. மழைக்காலத்தில் என் பழைய புலப்படங்களை, அதாவது நில அளவை வரைபடங்களை, அதில்தான் போட்டு வைக்கிறேன்.

சேலம் மாவட்டத்தில் 31 வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு கன்னங்குறிச்சி. மேலே ஏற்காட்டில், நாகலூர் பக்கம், அப்பா விட்டுப்போன 4 ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. பட்டா எங்கள் இருவர் பேரிலும் இருந்தாலும் பாடுபடுவது தம்பிதான். தோட்டத்தின் மேல் மூலையில் ஒரு ஊற்று. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது சித்திரை வெயிலிலும் அதில் குடம் நிறையும். இப்போது மாசி முடிவதற்குள் சேறாகிவிடுகிறது. மேலே யாரோ மரத்தை மொட்டையடித்ததால்தான் இப்படி என்று தம்பி அடித்துச் சொன்னான். பக்கத்து நிலம் கைமாறி அங்கே காட்டேஜ் எழும்பிக்கொண்டிருக்கிறது, அவர்கள் வேலைதான் என்பது அவன் கணக்கு. எந்த வருடம், எவ்வளவு மரம் போனது என்று தெரிந்தால் உட்கார்ந்து பேசலாமே என்றுதான் ‘30 வருட நிலப் பயன்பாட்டு மாற்ற அறிக்கை’ போட்டுத் தரும் ஒரு நிறுவனத்தைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். இதே தொழிலில் இதே மாதிரி செய்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், ஒருவரை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பத்து நாளில் தருகிறோம் என்றார்கள், ஒன்பதாம் நாள் தந்தார்கள். போன் செய்தால் எடுக்கிறார்கள். வரைபடத்தில் நிற விளக்கம் தமிழிலும் இருந்தது, அதற்கு ஒரு சபாஷ்.

இனி அறிக்கை. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இரண்டு விஷயம். 1991க்கும் 2021க்கும் இடையில் எங்கள் நிலத்தில் ‘அடர் தாவரம்’ 34.27 சதவீதம் குறைந்துவிட்டதாம். 0.22 ஏக்கர் இருந்த ‘நீர்நிலை’ சுத்தமாக மறைந்துவிட்டதாம்.

தம்பிக்கு அனுப்பினேன். ஐந்தாவது நிமிடம் போன். “பார்த்தீங்களாண்ணா? குளமே இருந்திருக்கு!”

1991ல் அவனுக்கு 27 வயது. பொழுது விடிந்து பொழுது சாய்கிற வரை அந்தத் தோட்டத்தில்தான் கிடந்தான். அங்கே ஒரு குளம் இருந்திருந்தால் அவனுக்குத் தெரியாமல் போயிருக்குமா? கம்ப்யூட்டரில் அச்சாகி வந்தால் மனுஷன் தன் கண்ணையே சந்தேகப்படுகிறான்.

எனக்கு அந்த 0.22 மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. 22 சென்ட். எங்கேயோ பார்த்த எண் மாதிரி. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் பிடிபட்டது. அறிக்கைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் படம். அதில் ஒரு கட்டம், அதாவது பிக்சல், தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். 900 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்று வகுத்துப் பாருங்கள், 22 சென்ட் சொச்சம் வரும். ஆக, மறைந்துபோன எங்கள் குளம் என்பது படத்தில் ஒரே ஒரு கட்டம்.

மறுநாள் பேருந்து ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி மேலே போய் அந்த இடத்தில் நின்றேன். செங்குத்தான பாறை ஒன்று, அதன் வடமேற்கே சரிவு. இப்போது அறிக்கையின் 19ஆம் பக்கத்தை எடுத்தேன். எறும்பு எழுத்தில் படங்களின் தேதி. 1991 படம் ஜனவரியில் எடுத்தது, 2021 படம் ஏப்ரலில் எடுத்தது. எல்லாம் விளங்கிவிட்டது. இந்தச் செயற்கைக்கோள்கள் நம் ஊருக்கு மேலே வருவது காலை வேளையில். தை மாதத்தில் அந்நேரம் சூரியன் தென்கிழக்கே தாழ்வாக நிற்கும், பாறையின் நிழல் வடமேற்குச் சரிவு முழுக்க விழும். சித்திரையில் சூரியன் ஏறி நிற்பதால் நிழல் சுருங்கிவிடும். ஆழமான நீரும் அடர்த்தியான நிழலும் செயற்கைக்கோளுக்கு ஏறக்குறைய ஒரே கறுப்பு. பாறை நிழலைக் குளமாக்கி, அந்தக் குளத்தை வற்றவும் வைத்துவிட்டார்கள்.

34.27 சதவீதமும் அதே கூத்துதான். ஜனவரி என்றால் வடகிழக்கு மழை முடிந்து மலை பச்சைப்பசேலென்று இருக்கும். மார்ச், ஏப்ரலில் அடிவாரத்திலிருந்து பாதி மலை வரை இலையுதிர் மரங்கள் குச்சி குச்சியாக நிற்கும். கொண்டை ஊசி வளைவுகளில் போகிற யாருக்கும் இது தெரியும். தை மாதப் பச்சையையும் சித்திரைக் காய்ச்சலையும் பக்கத்தில் வைத்துக் கழித்தால் காடு அழிந்த மாதிரிதான் வரும். அது போகட்டும், 4 ஏக்கரில் லேண்ட்சாட் கட்டம் மொத்தமே 18. பதினெட்டு கட்டத்தை வைத்துக்கொண்டு புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்! அங்குலக் குறி மட்டும் உள்ள டேப்பில் மில்லிமீட்டர் படிக்கிற ஆளை எங்கள் துறையில் ஒருநாள் வைத்திருக்க மாட்டோம்.

அறிக்கையில் ‘துல்லியம் 92 சதவீதம்’ என்றும் போட்டிருந்தது. எத்தனை இடத்தில் சரிபார்த்தீர்கள் என்று போனில் கேட்டேன்.

“சாஃப்ட்வேர் கொடுத்தது சார்.”

“நேரில் யாராவது வந்து பார்த்தீங்களாப்பா?”

“உங்க பேக்கேஜ்ல ஃபீல்ட் விசிட் இல்லைங்க சார்.”

பையன் மரியாதையாகத்தான் பேசினான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், மூன்று நாளில் இருபது அறிக்கை போடச் சொன்னால் அவன்தான் என்ன செய்வான். ஆனால் துல்லியம் என்று ஒரு எண் எழுத வேண்டுமானால், வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சில இடங்களைப் பொறுக்கி, அங்கே போய் நின்று, படம் சொல்வதும் தரையில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்து அட்டவணை போட வேண்டும். ஒரு நில வகைக்குக் குறைந்தது 50 இடமாவது என்பது இந்தத் துறையின் பொதுவான வழக்கம். எங்கள் நாலு ஏக்கருக்கு 50 தேவையில்லை. நானும் தம்பியும் 20 இடம் குறித்துக்கொண்டு நடந்தோம். 11 இடத்தில் அறிக்கை சரி. மீதி ஒன்பதில் பாதி, பாறையைக் ‘கட்டடம்’ என்று குறித்தவை.

ஒன்றில் மட்டும் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. தோட்டத்தின் பெரும்பகுதியை ‘அடர்ந்த காடு’ என்று போட்டிருந்தார்கள், தம்பிக்குக் கோபம். ஆனால் வானத்திலிருந்து பார்த்தால் வேறு என்ன தெரியும்? 1820களில் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து காபி நிழலில் வளர்கிற செடி. மேலே சில்வர் ஓக், பலா, ஆரஞ்சு, மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி. அதற்குக் கீழே இடுப்பளவு காபி. செயற்கைக்கோள் பார்ப்பது கூரையை, குடியிருப்பவரை அல்ல. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையிலேயே ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 சதவீதத்துக்கு மேல் மரக்கவிகையும், அதாவது மேலே விரிந்த மரக்கூரையும், இருந்தால், யாருடைய நிலமானாலும் என்ன மரமானாலும் வனப்பரப்புதான். தென்னந்தோப்பும் அதில் வரும். அந்தக் கணக்குப்படி பட்டா நிலத்தில் இருக்கிற நாங்களும் காட்டுவாசிகள். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில், அதாவது பயிர்க் கணக்கில், மட்டும்தான் பசலிக்குப் பசலி, வருடத்துக்கு வருடம், ‘காபி’ என்று எழுதியிருக்கும். அதனால் இப்படி ஒரு அறிக்கை வாங்குகிறவர்கள் அடங்கல் நகலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரிக்காகவாவது இந்த விமர்சனம் யாருக்காவது பயன்பட்டால் சரி.

காசு போன வயிற்றெரிச்சலில் இருந்தபோது அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்தான். “மாமா, இதெல்லாம் ஓசியிலேயே பார்க்கலாமே” என்று லேப்டாப்பைத் திறந்து காப்பர்னிகஸ் பிரவுசரைக் காட்டினான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சேவை. மின்னஞ்சல் கொடுத்துக் கணக்கு தொடங்கினால் போதும், எதையும் இறக்கி நிறுவ வேண்டாம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் அதில் கொட்டிக்கிடக்கின்றன. முதல் செயற்கைக்கோள் 2015ல் ஏவப்பட்டது, 2017ல் இன்னொன்று சேர்ந்தது, அதிலிருந்து ஐந்து நாளைக்கு ஒரு படம்.

சர்வேயருக்கு முதல் கேள்வி ஒன்றுதான்: ஒரு கட்டம் எவ்வளவு? பத்து மீட்டருக்குப் பத்து. 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். எங்கள் தோட்டத்துக்கு 160 கட்டத்துக்கு மேல் கிடைக்கிறது. 18 எங்கே, 160 எங்கே! இரண்டரை சென்ட்டில் ஒரு பெரிய பலா மரத்தின் கவிகை அடங்கும். தனி மரத்தை எண்ண முடியாது, ஆனால் பத்துப் பதினைந்து மரம் சேர்ந்து போனால் கண்ணில் படும்.

நானே ஒரு மாதம் தடவித் தடவிக் கற்றுக்கொண்டேன். தெரியாத இடத்தில் ஆரம்பிக்காதீர்கள் என்பது என் யோசனை. நான் முதலில் பார்த்தது கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்களை. சுண்ணாம்பு கொட்டினாற்போல் பளீரென்று இருக்கும், தவறவே முடியாது. அடுத்து மூக்கனேரி, தண்ணீருக்கு நடுவே தீவுகள் புள்ளி புள்ளியாக. அப்புறம் பனமரத்துப்பட்டி ஏரி. இங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. என்.டி.வி.ஐ. என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அடிக்கும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் மைனஸ் 1க்கும் 1க்கும் இடையில் ஒரு எண் வரும். இலை அதிகமானால் எண் ஏறும், தண்ணீர் என்றால் பெரும்பாலும் சுழியத்துக்குக் கீழே போகும். ஏரி என்று நினைத்துக்கொண்டு பழைய பனமரத்துப்பட்டிப் படங்களைத் தட்டினால் நடுவில் பச்சை. சேலத்துக்குக் குடிநீர் தந்த ஏரியில் சீமைக் கருவேலம் மண்டிய கதை சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். தெரியாத ஊர்க்காரர் ஒருவர் அதே படத்தைப் பார்த்தால் ‘தாவரப் பரப்பு சிறப்பு’ என்று எழுதிவிடுவார்.

ஏற்காட்டைப் பார்க்கும்போது பெரிய தலைவலி மேகம். என் மொட்டை மாடியில் நின்றாலே தெரியும், சேலத்தில் வெயில் கொளுத்தும்போது மலை மட்டும் தலையில் முக்காடு போட்டிருக்கும். அன்றைக்குச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் போயும் பிரயோஜனமில்லை. ஜூனிலிருந்து நவம்பர் வரை தெளிவான படம் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். மேக அளவைக் குறைக்க ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள், ஆனால் அது முழுப் படத்துக்குமான கணக்கு. மொத்தத்தில் பத்து சதவீதம் மேகம் என்று போட்டிருக்கும், அந்தப் பத்தும் நம் மலை மேல்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் பிப்ரவரி என்று மாதத்தை உறுதி செய்துகொண்டேன். காபிப் பழம் பறித்து முடிந்திருக்கும், பூ மழை விழுந்திருக்காது, நிழல் மரக் கவாத்தும் தொடங்கியிருக்காது. ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி, வேறு மாதம் கிடையாது.

படத்தில் எல்1சி, எல்2ஏ என்று இரண்டு வகை. இரண்டாவதை எடுங்கள், காற்றிலுள்ள தூசு, ஈரத்தின் தாக்கத்தைக் கழித்துத் தந்தது அது. கோப்புகளை இறக்கி கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற வரைபட மென்பொருளில் நீங்களே கணக்குப் போடுவதானால் இன்னொரு பள்ளம் உண்டு. 2022 ஜனவரி 25க்குப் பிறகு வந்த கோப்புகளில் ஒவ்வொரு கட்டத்தின் எண்ணோடும் 1000 கூட்டியிருக்கும். அதைக் கழிக்காமல் பழையதோடு ஒப்பிட்டால் ஊரெல்லாம் ஒரே நாளில் பசுமை குறைந்த மாதிரி காட்டும். பிரவுசரில் பார்த்தால் அவர்களே சரிசெய்துவிடுகிறார்கள்.

சரி, எங்கள் ஊற்றுக்கு வருகிறேன். ஒப்பிடும் வசதியில் 2017 பிப்ரவரியை ஒரு பக்கமும் அடுத்தடுத்த பிப்ரவரிகளை இன்னொரு பக்கமும் வைத்து, நடுக்கோட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன். 2018 மாற்றமில்லை. 2019 மாற்றமில்லை. 2020ல் ஊற்றுக்கு மேலே ஒரு திட்டு பச்சை போய்ப் பழுப்பாகியிருந்தது. கட்டங்களை எண்ணினேன், 31. முக்கால் ஏக்கருக்கு ஒன்றிரண்டு சென்ட் கூட. என் புலப்படத்தின் எல்லையை அதன் மேல் ஏற்றிப் பார்த்தேன். அந்த 31 கட்டமும் எங்கள் எல்லைக்கு உள்ளேதான்.

லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு மேலே போனேன். தம்பி திண்ணையில் உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தான். படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான்.

“அது நம்ம மரந்தாண்ணா. பாப்பா கல்யாணத்துக்கு சில்வர் ஓக் கொடுத்தோமில்ல.”

2019 ஆவணியில் கல்யாணம். அந்தக் கல்யாணத்தில் மொய் நோட்டு எழுதியவன் நான். முறைப்படி அனுமதி வாங்கித்தான் வெட்டியிருக்கிறான், என்னிடமும் சொல்லியிருப்பான், களேபரத்தில் காதில் ஏறவில்லை. ஆறு வருடமாகக் காட்டேஜ்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஊற்று வற்றியதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். காட்டேஜில் போர் போட்டிருக்கிறார்கள், நாங்களும் ஒன்று போட்டிருக்கிறோம். பூமிக்கு அடியில் இருப்பது இந்தப் படத்தில் தெரியாது. ஆனால் இன்னொன்று சொல்ல வேண்டும். அதே திட்டு 2024 பிப்ரவரியில் மறுபடி பச்சை. என்.டி.வி.ஐ. எண் 2017ல் இருந்த அளவுக்கே ஏறிவிட்டது. திரையில் பார்த்தால் மரம் திரும்ப வந்துவிட்டது. நேரில் போனால் கை நுழைய முடியாத உண்ணிச்செடிப் புதர். காபி உள்ளே எங்கேயோ செத்துக்கிடக்கிறது. இலை அடர்ந்துவிட்டால் அந்த எண்ணுக்கு ஓக் என்றும் உண்ணி என்றும் பேதமில்லை. கூலிக்கு ஆள் வைத்து வெட்ட இரண்டு நாள் ஆனது, என் முழங்கையில் இன்னும் கீறல் இருக்கிறது.

2015க்கு முந்தைய காலம் வேண்டுமானால் லேண்ட்சாட்தான் கதி. அமெரிக்க அரசு 2008லிருந்து அதை இலவசமாகத் தருகிறது, எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் தேடலாம். லேண்ட்சாட் 7 படமானால் 2003 மே மாதத்துக்குப் பிறகு குறுக்கே கோடு கோடாகக் காலியிடம் இருக்கும், பயப்பட வேண்டாம், அதன் கருவி பழுதானதால் வந்தது. இஸ்ரோவின் புவன் தளத்தில் 2005-06, 2011-12, 2015-16 நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் பார்க்கக் கிடைக்கின்றன. நம்மவர்கள் நம் ஊருக்கேற்ற வகைப் பெயர்களோடு செய்தது, தாலுகா அளவில் பார்க்க அருமை. ஆனால் அளவுகோல் 1:50,000. எங்கள் நாலு ஏக்கர் அதில் இரண்டரை மில்லிமீட்டர், ஒரு கடுகு. கூகுள் எர்த் புரோவில் பழைய தேதிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம், மரம் தனித்தனியாகத் தெரிகிற தெளிவு. ஆனால் தேதிகள் வரிசையாகக் கிடைக்காது, தேதிக்குத் தேதி படம் சில மீட்டர் நகர்ந்தும் உட்காரலாம். அதை வைத்து எல்லைத் தகராறுக்குப் போகாதீர்கள். அதற்கு எல்லைக்கல் இருக்கிறது, இல்லையென்றால் என் மாதிரி கிழவனைக் கூப்பிடுங்கள்.

நட்சத்திரம் போட வேண்டுமென்றால் காப்பர்னிகஸ் பிரவுசருக்கு ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைப்பது தமிழ் இல்லாததற்காக. மேலே நாகலூரில் சிக்னல் கிடைக்காமல் படம் சுற்றிக்கொண்டே இருப்பதற்காக இல்லை, அதற்கு அவர்கள் பொறுப்பல்ல. காசு வாங்கிய அறிக்கைக்கு ஒன்றரை. அரை, குழாய்க்கு. அப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் படங்களின் தேதியை முதலில் கேளுங்கள், கட்டத்தின் அளவைக் கேளுங்கள், எத்தனை இடத்தில் கால் வைத்தீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றால் போனை வைத்துவிடலாம்.

தம்பிக்கு இப்போது இதில் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. போன வாரம் கேட்டான், மிளகு திருடுகிறவனை இதில் பிடிக்கலாமா என்று. செயற்கைக்கோள் காலை பத்தரை, பத்தே முக்காலுக்குத்தான் வரும் என்றேன். “அவன் ராத்திரியில்ல வரான்” என்று சொல்லிவிட்டு நாய் வாங்கப் போயிருக்கிறான்.